மரவேலை கேள்வி பதில்: தேக்கு மேசைக்கு எந்த சாண்டர்?

கேள்வி: ஐயா, தேக்கில் சாப்பாட்டு மேசையும் நான்கு நாற்காலிகளும் செய்து முடித்திருக்கிறேன். பாலிஷ் போடும் முன் தேய்க்க மின் சாண்டர் ஒன்று வாங்க வேண்டும். வாட் அதிகமுள்ள பெல்ட் சாண்டர் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார் நண்பர். ஒரு கருவிதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

பதில்: பெல்ட் சாண்டர் வேகமாகத் தேய்க்கும் என்பது உண்மை. அதனாலேயே உங்களுக்கு அது வேண்டாம். ஒட்டிய பலகைகளின் மேடு பள்ளத்தை அடித்துச் சமமாக்க அதைப் போல வராது. ஆனால் உங்கள் மேசை ஏற்கெனவே சமமாகிவிட்டது. இனி அதன் மேல் பெல்ட் ஓடும்போது கை ஒரு நொடி தயங்கினாலும் பள்ளம் விழும்; ஓரங்கள் மழுங்கும்.

ஐந்து அங்குல (125 மி.மீ.) ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் வாங்குங்கள். அதன் தட்டு சுழன்றபடியே சிறு வட்டங்களாகவும் அசையும். உப்புத்தாளின் துகள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடாததால் ரேகைக்குக் குறுக்கே கோடு விழுவது வெகுவாகக் குறையும். சட்டமும் பலகையும் சேர்ந்து, ரேகைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சந்திக்கும் இணைப்புகளில் இதன் அருமை தெரியும்.

வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஆர்பிட் அளவு, அதாவது தட்டு அசையும் அந்தச் சிறு வட்டத்தின் அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். 5 மி.மீ. என்றால் மரத்தை வேகமாக அரிக்கும். 2.5 அல்லது 3 மி.மீ. தான் இறுதி மெருகுக்கு ஏற்றது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், தூசு உறிஞ்சும் குழாயை மாட்ட இடமும் இருக்க வேண்டும். இந்தக் குழாய் விஷயத்தில் சமரசமே கூடாது. மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. குழாய் இருந்தாலும் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். மேலும், தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு; தூசு உப்புத்தாளில் அப்பிக்கொண்டால் தாள் வெட்டாது, கீறும்.

அந்தக் கீறல்கள் வாலைச் சுருட்டியது போலச் சிறு சுருள்களாக விழும். வெறும் மரத்தில் கண்ணில் படாது. பாலிஷ் ஏறிய பிறகு மேசை முழுக்கத் தெரியும். கருவியை அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். அதன் எடையும் கையின் எடையும் போதும். மரத்தின் மேல் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். நொடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில் நகர்த்துங்கள். உப்புத்தாளில் எண் கூடக் கூடத் துகள் நைசாகும்; 120, 180, 220 என்று வரிசையாகப் போங்கள், இடையில் எதையும் தாண்டாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் முன் பலகை முழுவதும் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டால், கோடு மிச்சமிருக்கும் இடம் தேய்படாத இடம் என்று தெரிந்துவிடும். பிறகு விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முந்தைய தாளின் கோடு ஒன்று தெரிந்தாலும் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டாம்.

கடைசி 220 தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, ரேகையோடு கையால் ஒரு முறை இழுங்கள். நாற்காலிக் கால்களின் வளைவுகளையும் கையாலேயே தேய்த்துவிடுங்கள். தட்டையான தட்டு வளைவைப் பட்டையாக்கிவிடும்.

கேள்வி: 400 எண் தாள் வரை போனால் இன்னும் பளபளக்குமா?

பதில்: வார்னிஷ் போடுவதானால் 220 போதும், பளபளப்பு வார்னிஷ் படலத்தில்தான் வரும். எண்ணெய் மட்டும் பூசுவதானால் 400 வரை போவதில் பலன் உண்டு. நிறமேற்றப் போகிறீர்கள் என்றால் போகவே கூடாது: வழவழப்பு கூடக் கூட மரம் நிறத்தைக் குறைவாகவே வாங்கும். பலகையின் வெட்டுமுனைகள் மட்டும் நிறத்தை அதிகமாகக் குடித்துக் கறுத்துப்போகும். மேற்பரப்பை 180இல் நிறுத்தி, முனைகளை 220 வரை தேய்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் நிற்கும்.