வாக்களிப்பு தினத்தில் மது விற்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்களுடையது உட்லண்ட்சில் ஒரு மினிமார்ட். வாக்களிப்பு தினத்தன்று பீர் விற்கலாமா? புதிதாக ஊரிலிருந்து வந்த பையன், “எலெக்‌ஷன் அன்னைக்கு சரக்கு வித்தா உள்ள போட்ருவாங்க” என்று பயப்படுகிறான்.

தாராளமாக விற்கலாம், தம்பி. தேர்தல் என்பதற்காக மது விற்பனையை நிறுத்தும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. பையன் சொல்வது இந்தியச் சட்டம். அங்கே அவன் சொல்வது சரிதான்.

இங்கே சட்டம் பார்ப்பது கடிகாரத்தை. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வாங்கிக்கொண்டு போகும் மதுவை இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை விற்கக் கூடாது. ஆண்டு முழுவதும் இதே நேரம்தான்.

வாக்களிப்பு தினத்தில் சிக்கல் வருவது இந்த 10.30-ல்தான். 2025 மே 3 அன்று வாக்களிப்பு இரவு 8 மணிக்கு முடிந்தது. அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை. ஆகவே முடிவுக்காகக் கூட்டம் டிவி முன் உட்கார்ந்திருக்கும் நேரத்திலேயே 10.30 வந்துவிடும். “இன்னும் ரெண்டு கேன்” என்று ஆள் ஓடி வருவது அப்போதுதான். 10.20-க்கே பீர் குளிர்பெட்டியைப் பூட்டிவிடுங்கள். வரிசையில் நிற்பவர்களிடம் மது இருந்தால் அவர்களுக்கு முதலில் பில் போடுங்கள். பணம் வாங்குவது, பாட்டிலைக் கையில் கொடுப்பது இரண்டும் 10.30-க்குள் முடிய வேண்டும். கல்லா இயந்திரத்தின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடினால் பில்லே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முந்தைய நாளே கைத்தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: என் கடை தேக்காவில் இருக்கிறது. எனக்கும் இதே விதிதானா?

இல்லை, உங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவும், கேலாங்கும் மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். லிட்டில் இந்தியாவில் நடந்த 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. இந்த இரண்டு வட்டாரங்களிலும் பொது இடத்தில் குடிக்கத் தடை உள்ள நேரம் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை. பொது விடுமுறை என்றால், அதற்கு முந்தைய நாள் மாலை 7 மணிக்குத் தொடங்கி, விடுமுறைக்கு மறுநாள் காலை 7 வரை.

பொதுத் தேர்தல், அதிபர் தேர்தல் இரண்டிலும் வாக்களிப்பு தினம் பொது விடுமுறை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். “தேர்தலுக்குத் தடை இல்லை” என்று கேட்டுவிட்டு, “விடுமுறைக்குத் தடை உண்டு” என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-ல் வாக்களிப்பு சனிக்கிழமை. தடை வெள்ளி மாலை 7 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 7 வரை இடைவெளியே இல்லாமல் 60 மணி நேரம். 2023 அதிபர் தேர்தல் செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. அப்போது வியாழன் மாலை 7 மணிக்கே தொடங்கியது. வெள்ளி விடுமுறைக்கான தடை சனி காலை 7 மணிக்கு முடியும்போது வார இறுதித் தடை அங்கிருந்து பிடித்துக்கொண்டது. மொத்தம் 84 மணி நேரம்.

விற்பனை நேரமும் இந்த வட்டாரங்களில் வார இறுதியிலும் விடுமுறையிலும் முன்கூட்டியே முடியும். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள். உங்கள் உரிமத்தில் அச்சிட்டிருக்கும் நேரத்தைப் படியெடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பகுதிநேர ஊழியருக்கு அது ஒன்றே போதும்.

கேள்வி: வாக்களிப்புக்கு முந்தைய நாளான பிரசார ஓய்வு நாளில்?

அது வேலை நாள், பொது விடுமுறை அல்ல. மதுவுக்கென்று தனித் தடை எதுவும் இல்லை. ஆனால் விடுமுறைக்கு முந்தைய நாள் என்பதால் தேக்காவிலும் கேலாங்கிலும் மாலை 7 மணிக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

கேள்வி: நண்பர்களோடு காப்பிக்கடையில் உட்கார்ந்து முடிவு பார்க்கப் போகிறோம். 10.30-க்கு மேல் குடிக்கலாமா?

காப்பிக்கடைக்கு உரிமம் இருந்தால், அந்த உரிம நேரம் வரை, அந்தக் கடையின் எல்லைக்குள் குடிக்கலாம். 10.30-க்கு மேல் மிச்சம் இருக்கும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்துக்கோ பூங்கா இருக்கைக்கோ போய்க் குடித்தால் அது குற்றம். 1,000 வெள்ளி வரை அபராதம். மறுபடியும் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காவல் அதிகாரி வந்து “நிறுத்துங்கள், கொட்டுங்கள்” என்று சொன்னால் உடனே செய்யுங்கள். அந்த அதிகாரம் சட்டத்திலேயே அவருக்கு உண்டு. வீட்டுக்குள் குடிப்பதற்கு இந்த நேரக்கட்டுப்பாடு கிடையாது.

கேள்வி: எங்கள் உணவகத்தில் “ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒரு பீர் இலவசம்” என்று பலகை வைக்கலாமா? எந்தக் கட்சி என்று கேட்கவே மாட்டோம்.

வைக்காதீர்கள். நேரக் கட்டுப்பாட்டைவிட இது ஆபத்தான விஷயம். வாக்களிக்கவோ வாக்களிக்காமல் இருக்கவோ தூண்டும் ஊழல் நோக்கத்தோடு உணவோ பானமோ கொடுத்து உபசரிப்பது நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தில் குற்றம். தேர்தலுக்கு முன் கொடுத்தாலும் பின் கொடுத்தாலும் சட்டம் பொருந்தும். அந்த நோக்கத்துக்கு உடன்பட்டு வாங்கிக்கொள்பவரும் தப்ப முடியாது. உங்கள் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அதை விசாரணையில் விளக்கும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? “விடுமுறைச் சலுகை, எல்லா வாடிக்கையாளருக்கும்” என்று போடுங்கள். ஓட்டு என்ற சொல்லே பலகையில் வேண்டாம்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஓட்டுப் போட ஊருக்குப் போகிறேன். சாங்கி விமான நிலையத்தில் இரண்டு பாட்டில் வாங்கிப் போனால் பிரச்சினை வருமா?

அங்கே சட்டம் கடிகாரத்தைப் பின்னோக்கி எண்ணுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 135சி. வாக்குப்பதிவு முடியும் மணியிலிருந்து 48 மணி நேரம் பின்னால் போங்கள். அதற்குள் அந்த வாக்குப்பதிவுப் பகுதியில் மதுவை விற்பது, கொடுப்பது, வினியோகிப்பது மூன்றும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிபட்ட சரக்கும் பறிமுதல்.

“கொடுப்பது” என்ற சொல்லைக் கவனியுங்கள். கடை, ஓட்டல் மட்டுமல்ல, தனியார் இடமும் சட்டத்தில் வருகிறது. மாமா வீட்டு மாடியில் மச்சான்களுக்கு ஊற்றிக் கொடுப்பதும் இதில் அடங்கும். உங்கள் பாட்டிலை நீங்களே குடிப்பதை இந்தப் பிரிவு தொடவில்லை.

சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரை தீர்வை இல்லை. பாட்டில்களை முத்திரை பிரிக்காமல், ரசீதோடு, பெட்டிக்குள் வைத்திருங்கள். தேர்தல் நேரத்தில் பறக்கும் படை சாலையில் வண்டியை நிறுத்தும். இரண்டு மூன்று பேருடைய பாட்டில்களை ஒரே பையில் அடுக்கி வைத்தால் வினியோகத்துக்கு என்று சந்தேகப்படுவார்கள். அவரவர் பாட்டில் அவரவர் பெட்டியில் இருக்கட்டும்.

2024-ல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. டாஸ்மாக் 17, 18, 19 மூன்று நாளும் மூடியிருந்தது. எண்ணிக்கை நாளான ஜூன் 4 அன்றும் மூடல். புதுச்சேரிக்குப் போய் வாங்கலாம் என்றாலும் பயனில்லை, அங்கேயும் அதே நாள்தான் வாக்குப்பதிவு.

இன்னொன்று, பாட்டிலைவிட முக்கியமானது: வெளிநாட்டு வாக்காளராக 6ஏ படிவத்தில் பதிந்தவர் என்றால் அசல் கடப்பிதழ் இல்லாமல் ஓட்டுப் போட முடியாது.

கேள்வி: தேர்தல் நேரத்தில் தாய்லாந்து?

வாக்களிப்புக்கு முந்தைய நாள் மாலை 6 முதல் வாக்களிப்பு நாள் மாலை 6 வரை விற்கவும் கூடாது, வழங்கவும் கூடாது. 2023-ல் மே 13 மாலை முதல் மே 14 மாலை வரை. சுற்றுப்பயணி என்பதற்காக உணவகத்தில் ஊற்றித் தர மாட்டார்கள். தென் தாய்லாந்தின் ஹாட்யாய் போகிறவர்கள் விருந்தை வாக்களிப்பு நாள் மாலை 6 மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.