"கோபப்படாதேம்மா, சாப்பிடறேன்"

வணக்கம் மேடம்,

என் மகளுக்கு 5 வயது. சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு வேளைச் சாப்பாடு முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. செல்போனில் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறப்பாள். பச்சையாக ஒரு துணுக்கு கண்ணில் பட்டால் போதும், தட்டையே தள்ளிவிடுவாள். ஒன்றரை வயதுவரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டவள்தான். அப்புறம்தான் இப்படி மாறினாள்.

"காயை முடித்தால் சாக்லேட்" என்று பேரம் பேசிப் பார்த்தேன். இப்போது சாக்லேட்டை முதலில் கொடு என்கிறாள். அவள் சாப்பிடாமல் எழுந்த பத்தாவது நிமிடம், "குழந்தை பட்டினியா இருக்கே" என்று மாமியார் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவிடுவார். ஒரு நாளைக்கு நாலு பெரிய டம்ளர் பால் போகிறது. கணவரோ, "விடு, பசிச்சா சாப்பிடுவா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவார். அவரும் காய் தொடாதவர்தான்.

போன வாரம் பொறுமை இழந்து வாயில் திணித்துவிட்டேன். வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டே, "கோபப்படாதேம்மா, சாப்பிடறேன்" என்றாள். அன்று இரவு நான் தூங்கவில்லை. என் அம்மாவும் முதுகில் நாலு வைத்துத்தான் எனக்கு ஊட்டுவார். அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்திருந்தவள் நான்.

எடையும் உயரமும் வயதுக்குச் சரியாக இருக்கின்றன என்கிறார் மருத்துவர். ஆனாலும் மனம் அடங்கவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பெயர் சொல்ல விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் காயைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியைத் தாண்டி எனக்கு உடனே படிக்க முடியவில்லை. அவள் இப்போது பசிக்காகச் சாப்பிடவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறாள். முதலில் மாற வேண்டியது அதுதான். காய் எங்கும் ஓடிப்போகாது.

மருத்துவர் சொன்னதை நம்புங்கள். முதல் வருடத்தில் குழந்தையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். உங்கள் மகளின் வயதிலோ வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். பசியும் அதற்கேற்றபடிதான் இருக்கும். புது உணவைக் கண்டு மிரள்வதும் 2 முதல் 6 வயதுவரை வெகு சாதாரணம். இதில் உங்கள் வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை. குறை என்றால் அந்தப் பாலைச் சொல்லலாம். நாலு டம்ளர் குடித்த வயிற்றில் சாப்பாட்டுக்கு ஏது இடம்? இந்த வயதுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் தாராளம். அதற்கு மேல் போனால் பசி கெடும், இரும்புச்சத்தும் குறையலாம்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இரண்டாவது பாதி வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது பெற்றோருக்கு மகா கஷ்டம். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சிறு குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் வைத்தார்கள். ஒன்றை மட்டும் "முடித்துவிடு" என்று வற்புறுத்தினார்கள். எதுவும் சொல்லாமல் வைத்த சூப்பைத்தான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றித்தான் முனகல் அதிகம்.

அதனால் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தரம் சிற்றுண்டி. மற்ற நேரத்தில் தண்ணீர் மட்டும். அரை மணி நேரம் ஆனதும் ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டை எடுத்துவிடுங்கள். பாலும் சிற்றுண்டியும் பாட்டி பொறுப்பிலேயே இருக்கட்டும், ஆனால் குறித்த நேரத்தில் மட்டும். அவரிடமிருந்து அதைப் பறித்தால் வீட்டில் இன்னொரு சண்டைதான் மிஞ்சும். செல்போனை முதலில் ஒரு வேளைக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

தட்டில் அவளுக்குப் பிடித்தது ஒன்றாவது இருக்கட்டும். பக்கத்தில் காய் ஒரே ஒரு துண்டு, சுண்டுவிரல் நகமளவு. முகர்ந்து பார்க்கலாம், நக்கலாம், துப்பவும் செய்யலாம். பத்துப் பதினைந்து தடவை பார்த்துப் பழகிய பிறகுதான் பல குழந்தைகள் ஒரு புதுச் சுவையை ஏற்கிறார்கள். மூன்றாவது தடவையிலேயே நாம் கைவிட்டுவிடுகிறோம். (என் மகன் இரண்டு வருடம் கேரட்டைத் தொடவில்லை. இன்றும் ஆசையாகச் சாப்பிடுகிறான் என்று சொல்ல மாட்டேன். சண்டையில்லாமல் சாப்பிடுகிறான், அவ்வளவுதான்.) உங்கள் கணவர் இனி பாதியில் எழக் கூடாது. அவர் தட்டிலும் அதே காய் இருக்க வேண்டும்.

சாக்லேட்டைப் பரிசாக்கினால் காய் தண்டனையாகிவிடும். எப்போதாவது அதையும் சாப்பாட்டோடு சேர்த்து, நிபந்தனை இல்லாமல், ஒரு துண்டு வையுங்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரம் அவள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். உங்களுக்குக் கை துறுதுறுக்கும். அந்தப் பதற்றத்தில் பாதி, முதுகில் அடி வாங்கிச் சாப்பிட்ட பழைய குழந்தையுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. இதைத் தனியாக யாரிடமாவது உட்கார்ந்து பேசினால் நல்லது. மகளின் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, சாப்பிடும் வகைகள் சுருங்கிக்கொண்டே போனாலோ மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. இன்று இரவு அவளைத் தூங்க வைக்கும்போது, "அன்னைக்கு உன் வாயில திணிச்சது அம்மா செஞ்ச தப்பு. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டாம், அங்கே சொன்னால் அவள் உடனே தட்டைப் பார்ப்பாள்.