கேளுங்கள் சொல்கிறோம்: மனசுப் பாடம்

கே: எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே?
– பிளஸ் ஒன் மாணவி, பாலக்கோடு

ப: இல்லை. பலரும் சறுக்கும் இடம் இது. ‘எதிர்மறை’ என்றதும் கெட்டது என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் கணக்கில் அது வெறும் கழித்தல் குறி. இரண்டே கேள்வி கேளுங்கள்: ஏதாவது சேர்ந்ததா, நீங்கியதா? அந்தச் செயல் பிறகு கூடியதா, குறைந்ததா? சேர்ந்தால் நேர்மறை, நீங்கினால் எதிர்மறை. கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை.

தொப்பூர் கணவாயில் கார் இறங்குகிறது. ஓட்டுபவர் பெல்ட் போடாததால் ‘பீப் பீப்’ சத்தம். போட்டதும் நிற்கிறது. அடுத்த முறை ஏறியதுமே போடுகிறார். தொல்லை நீங்கியது, செயல் கூடியது, எதிர்மறை வலுவூட்டல். லேட்டாக வந்த பையனின் செல்போனை அப்பா பிடுங்கி வைக்க, லேட்டாக வருவது குறைந்தால்? நீங்கியது, குறைந்தது; எதிர்மறைத் தண்டனை. பிடுங்கியும் குறையவில்லையா? அப்பா என்ன பெயர் வைத்தாலும் அது தண்டனையே அல்ல.

இன்னொன்று. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் குழந்தை அழ, அம்மா மாங்காய்ப் பத்தை வாங்கித் தருகிறார். அழுகை நிற்கிறது. குழந்தைக்குக் கிடைத்தது நேர்மறை வலுவூட்டல். அம்மாவுக்கோ எதிர்மறை! நாளைக்கு இவளும் அழுவாள், அவரும் வாங்குவார்.

கே: மாங்காயைப் பார்த்தாலே எச்சில் ஊறுகிறதே, அது?
– மாணவர், காரிமங்கலம்

ப: அது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் கணக்கு. புளிப்பு நாக்கில் பட்டு ஊறுவது இயல்பு. பார்த்ததும் ஊறுவது பழகியது. மாங்காயே தின்றிராதவருக்கு ஊறாது. பாவ்லவுக்கு 1904இல் நோபல் கிடைத்தது இதற்கல்ல, செரிமான ஆய்வுக்கு.