ஏர் ரைபிள் சிலிண்டருக்குக் காற்று எங்கே நிரப்புவது?

கேள்வி: எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தில் 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பயிற்சி பெறுவோர் 20 பேர் இருக்கிறோம். இதுவரை கைப்பம்பையே நம்பியிருந்தோம். கம்ப்ரசர் வாங்கச் சிலர் சொல்கிறார்கள். கடலுக்கடியில் மூழ்குவோர் சுவாசிக்கப் பயன்படுத்தும் ஸ்கூபா சிலிண்டரே போதும் என்கிறார்கள் வேறு சிலர். வெல்டிங் பட்டறைக்கு வரும் ஆக்சிஜனை நிரப்பினால் என்ன என்றும் ஒருவர் கேட்கிறார். எது சரி?
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஆக்சிஜன் யோசனையை உடனே கைவிடுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜனில் துளி எண்ணெயோ கிரீஸோ பட்டாலும் தீப்பற்றி வெடிக்கக்கூடும். துப்பாக்கியின் வால்விலும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்திலும் மசகு இல்லாமல் இருக்காது. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் ஆபத்தற்றது என்றாலும் பயனற்றது. அது தருவது 10 பார் (காற்றழுத்த அலகு) அளவு, உங்களுக்குத் தேவை 200 பார்.

கைப்பம்பு ஒருவருக்குச் சரி. இருபது பேருக்கு அது உடற்பயிற்சியாகவே முடியும். மேலும், கடலோரக் காற்றின் ஈரம் பம்பின் வழியே சிலிண்டருக்குள் சென்று தங்கும். காரில் வைத்து இயக்கும் சிறிய மின் கம்ப்ரசர்களும் ஒரு துப்பாக்கி நிரப்பியதும் சூடேறி ஓய்வு கேட்பவை என்பதால், கழகத்தின் அன்றாட வேலையைத் தாங்கா. சுவாசக் காற்றுக்கான பெரிய கம்ப்ரசர் தரமானதே. ஆனால் சில லட்சம் ரூபாய் விலையோடு, வடிகட்டிகளைக் காலம் தவறாமல் மாற்றும் பொறுப்பையும் யாராவது ஏற்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத கழகம் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

உங்கள் நிலைக்கு நான் பரிந்துரைப்பது, பெரிய சிலிண்டர்களை வெளியே நிரப்பி வந்து கழகத்தில் வைத்துக்கொள்வது. சென்னை, புதுச்சேரியில் உள்ள ஸ்கூபா பயிற்சி நிலையங்களில் நிரப்பித் தருவார்களா என்று கேளுங்கள். உங்கள் துறைமுக நகரிலேயே தீயணைப்புச் சுவாசக் கருவிகளுக்குக் காற்று நிரப்புவோரையும் விசாரியுங்கள். இங்கே அழுத்தத்தைக் கவனித்து வாங்க வேண்டும். 12 லிட்டர், 200 பார் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து 0.2 லிட்டர் துப்பாக்கிச் சிலிண்டரை 100 பாரிலிருந்து நிரப்பத் தொடங்கினால், முதல் துப்பாக்கிக்கே முழு 200 பார் கிடைக்காது. பத்து முறை நிரப்பியதும் 185 பாருக்கு அருகில் வந்துவிடும். 60 குண்டுப் போட்டிக்கு அது தாராளம் என்றாலும், அடுத்தடுத்து நிரப்புவோருக்குக் குறைந்துகொண்டே போகும். அதே வேலைக்கு 10 லிட்டர், 300 பார் சிலிண்டர் சுமார் 40 முறை முழு 200 பார் தரும். ஆனால் 300 பார் சிலிண்டரிலிருந்து நிரப்பும்போது அழுத்தம் காட்டும் கேஜை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வால்வை மெல்லத் திறந்து, 200-ஐ முள் தொட்டதும் மூடிவிட வேண்டும். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடேறி, ஆறிய பின் அழுத்தம் இறங்கிவிடும். இணைப்பைக் கழற்றும் முன் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவதும் மறக்கக் கூடாதது.

இரண்டு பெரிய சிலிண்டர்கள் இருந்தால், அழுத்தம் குறைந்ததிலிருந்து முதலில் ஏற்றி, மீதியை நிறைந்ததிலிருந்து எடுங்கள். இரண்டும் கூடுதல் நாள் வரும்.

கேள்வி: துப்பாக்கிச் சிலிண்டரில் அச்சிட்ட தேதி கடந்த ஆண்டே முடிந்துவிட்டது. காற்று கசியவில்லை. பயன்படுத்தலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடாது. கசிவின்மை உலோகத்தின் வலிமைக்குச் சான்று ஆகாது. பலமுறை ஏறி இறங்கும் அழுத்தத்தால் உலோகம் சோர்ந்திருப்பது வெளியே தெரியாது. உற்பத்தியாளர் குறித்த காலம், பெரும்பாலும் 10 ஆண்டுகள், முடிந்த சிலிண்டரைப் போட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள். தேதியைக் கவனிப்பது வீரரின் பொறுப்பே. பெரிய சிலிண்டர்களுக்கோ வாயு உருளை விதிகள், 2016-இன்படி உரிய இடைவெளியில் அழுத்தச் சோதனை உண்டு. வாங்கும்போதே கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியைப் பாருங்கள். அது காலாவதியாகியிருந்தால், பொறுப்புள்ள நிலையம் எதுவும் நிரப்பித் தராது.