இரும்பால் எழுந்த முதல் ஆலை

கேள்வி: இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரிலுள்ள, ஆளிச்செடி நாரை நூலாக்கிய பழைய ஆளிநார் ஆலையை 'வானளாவிய கட்டடங்களின் பாட்டனார்' என்கிறார்கள். ஐந்தே தளங்கள் கொண்ட ஒரு நீராவி ஆலைக்கு இந்தப் பெருமை பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஆனால் ஒரு திருத்தத்தோடு. டித்தரிங்டன் ஆலை எனப்படும் இது 1797-இல் கட்டி முடிக்கப்பட்டது; இதில் தூண்களும் உத்திரங்களும் வார்ப்பிரும்பால் ஆனவை. அவ்வாறு உள்ளே முழு இரும்புச் சட்டகம் கொண்டு எழுந்த முதல் கட்டடம் உலகிலேயே அதுதான்.

உயரமாகக் கட்டும் ஆசையைவிடத் தீயைப் பற்றிய அச்சமே இதற்குத் தூண்டுகோலாக இருந்தது. காற்றில் மிதக்கும் நார்த்தூசி, எண்ணெய் ஊறிய மரத்தளம், விளக்குச் சுடர் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் அக்காலத்து நூற்பாலைகள் அடிக்கடி எரிந்தன. ஆலையின் பங்குதாரர் ஜான் மார்ஷலின் லீட்ஸ் ஆலையொன்று 1796-இல் தீக்கிரையானது. டெர்பி நகரில் ஆலை அதிபர் வில்லியம் ஸ்ட்ரட் அதற்கு முன்பே இரும்புத் தூண்களை நிறுத்தியிருந்தார். ஆயினும் அவருடைய உத்திரங்கள் மரத்தாலானவை. ஷ்ரூஸ்பரி ஆலையை வடிவமைத்த சார்லஸ் பேஜ் உத்திரத்தையும் இரும்பாக்கி, உத்திரத்துக்கு உத்திரம் செங்கல் வளைவுகளை எழுப்பி, அவற்றின்மேல் தளம் அமைத்தார்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது பேஜின் கணக்கறிவுதான். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கு எளிதில் உடையும். ஆகவே தூண் அதற்கு ஏற்ற வேலை, உத்திரமோ, பாரத்தில் அதன் அடிப்பகுதி இழுபடுவதால், ஆபத்தான வேலை. இதை உணர்ந்த அவர், ஏறத்தாழ 12 மீட்டர் அகலத்தை மூன்று வரிசைத் தூண்களால் நான்காகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியையும் குறுக்கினார். சிலுவை வடிவக் குறுக்குவெட்டுடைய தூண்கள், வளைந்து முறியும் வாய்ப்பு மிகுந்த நடுப்பகுதியில் சற்றே பருத்திருக்கின்றன. எந்திரங்களை இயக்கியது போல்ட்டன்–வாட் நிறுவனத்தின் நீராவி என்ஜின். அதற்கான கூடம் கட்டடத்தின் முனையிலேயே ஒட்டி அமைந்தது.

நூற்பு 1886-இல் நின்றது. 1897 முதல் பார்லியை முளைகட்டும் மால்ட் கூடமாக 1987 வரை இயங்கியபோது சன்னல்கள் பல அடைக்கப்பட்டன. நீண்ட புதுப்பிப்புக்குப் பின் 2022-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இனி அந்தத் திருத்தம்: இந்த ஆலையின் வெளிச்சுவர்கள் இன்னும் பாரம் சுமக்கும் செங்கற்சுவர்களே. சுவரையும் சட்டகமே சுமக்கும் முறை, சிகாகோவின் உயர்ந்த கட்டடங்களில் 1880-களில்தான் வேரூன்றத் தொடங்கியது.