காட்டேஜ் சீஸ் என்றார்கள், பனீர் வாங்கினேன்

கேள்வி: எனக்கு வயது 46, எடை 68 கிலோ, சுத்த சைவம். மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 142 என்று ரிப்போர்ட் வந்தது. 'காலையில் 200 கிராம் காட்டேஜ் சீஸ் சாப்பிட்டால் புரதமும் கிடைக்கும், எடையும் இறங்கும்' என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கடையில் கேட்டால் பனீரைத்தான் கொடுக்கிறார்கள். நாலு இட்லியை இரண்டாக்கிவிட்டு, ஒரு மாதமாகத் தினமும் 200 கிராம் பனீர் சாப்பிடுகிறேன். எடை ஒன்றரை கிலோ ஏறிவிட்டது. எங்கே தப்பு? - மதுரை வாசகி

பதில்: வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை. இரண்டு பண்டத்துக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டதுதான் வினை. (நம் ஊரில் 'பன்னீர்' என்றால் கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீரா, பட்டர் மசாலாவில் மிதக்கிற பன்னீரா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெயர்க் குழப்பம் நமக்குப் புதிதில்லை.)

அமெரிக்க வீடியோக்களில் வருகிற காட்டேஜ் சீஸ், கொழுப்பெடுத்த பாலில் உறை ஊற்றி, தயிர் போல் உறைந்ததும் வெட்டி, லேசாகச் சூடாக்கி, அலசி, கொஞ்சம் கிரீமும் உப்பும் கலந்தது. கரண்டியில் அள்ளினால் சொதசொதவென்று வழியும். எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். நம் பனீரோ முழுப்பாலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ விட்டுத் திரித்து, பாரம் வைத்து அழுத்தியது. இந்திய உணவுத் தர விதிப்படி பனீரில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; ஈரம் போக மீதியில் பாதியாவது பால்கொழுப்பாக இருக்க வேண்டும். அவ்வளவு கொழுப்பு இருந்தால்தான் அடைமொழி இல்லாமல் அதற்குப் பனீர் என்றே பெயர்!

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். கொழுப்புக் குறைந்த காட்டேஜ் சீஸ் 200 கிராமில் புரதம் 22 கிராமுக்குக் குறையாது, கொழுப்பு 5 கிராமுக்குள், மொத்தம் 170 கலோரி போல. அதே எடைப் பனீரில் புரதம் 36 முதல் 40 கிராம். கூடவே கொழுப்பு 40 முதல் 50 கிராம், கலோரி 550-ஐத் தாண்டும். இரண்டு இட்லியைக் குறைத்ததில் சுமார் 130 கலோரி மிச்சம். ஆக, நாளொன்றுக்கு 400-க்கு மேல் கூடுதல், மாதத்துக்கு 12,000-க்கு மேல். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி என்பார்கள். உங்கள் வீட்டு எடை மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது.

எல்டிஎல் விஷயம்தான் எனக்கு அதைவிடக் கவலை. பால்கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு, எல்டிஎல்லை ஏற்றுகிற நிறைவுற்ற கொழுப்பு. அந்த 200 கிராமிலேயே அது 30 கிராம் ஆகிவிடும். நாளுக்கு 1,600 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 18 கிராமுக்குள் நிற்க வேண்டும். காலைப் பலகாரத்திலேயே எல்லை தாண்டியாயிற்று. இன்னும் காபி, தயிர், நெய் எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

அதற்காகப் பனீரை வீட்டை விட்டு விரட்டச் சொல்லவில்லை. மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால் சர்க்கரையை ஏற்றாது, பசியையும் தாக்குப்பிடிக்கும். கால்சியத்தில் காட்டேஜ் சீஸையே தோற்கடிக்கும். காட்டேஜ் சீஸை அதிகம் புளிக்கவிட்டுச் செய்வதால் கால்சியம் கரைந்து தண்ணீரோடு போய்விடுகிறது. 100 கிராமில் 80, 100 மில்லிகிராம்தான் மிஞ்சும். பனீரில் 400-க்கு மேல். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிற உங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அளவு என்று கேட்டால், நாளுக்கு 60, 70 கிராம் போதும். தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு. அதில் புரதம் 12, 13 கிராம். உங்கள் எடைக்கு நாளுக்கு 56 கிராம் புரதம் தேவை. மீதியைப் பருப்பு, சுண்டல், தயிர், பால் கொண்டுவரட்டும். பனீரில் நார்ச்சத்து துளியும் கிடையாது, இரும்புச்சத்தும் இல்லாத மாதிரிதான். பாசிப்பயறு சுண்டலின் இடத்தில் அதை உட்காரவைத்தால் நஷ்டம் உங்களுக்கே.

இன்னொரு வழி, நீங்களே வீட்டில் செய்வது. பால் திரிந்தால் சகுனம் சரியில்லை என்று நினைக்கிற அம்மாக்கள் இருந்தால் கொஞ்சம் சமாதானப்படுத்திவிட்டு ஆரம்பியுங்கள். 1.5 சதவீதக் கொழுப்புள்ள டபுள் டோன்டு பால் ஒரு லிட்டர் வாங்கினால், மொத்தக் கொழுப்பே 15 கிராம்தான். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். ஒரு எலுமிச்சம்பழச் சாற்றில் சம அளவு தண்ணீர் கலந்து, கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கிளறுங்கள். பாலின் வெண்மை போய், தெளிந்த இளம்பச்சை மஞ்சள் நீர் பிரிந்ததும் சாற்றை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் புளிக்கும், கட்டியும் வறண்டு போகும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசுங்கள். பாரம் வைக்காதீர்கள். கொழுப்புக் குறைந்த பனீரை அழுத்தினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஈரத்தோடு உதிர்த்து, இரண்டு கரண்டி தயிரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிசைந்தால், வீடியோவில் பார்த்த பண்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். இதை 100 கிராம் வரை சாப்பிடலாம். வடித்த தண்ணீரைக் கொட்டவேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய அருமை.

சமைக்கும்போது முட்டைப் பொடிமாஸ் செய்கிற மாதிரியே செய்யுங்கள்: ஒரு டீஸ்பூன் எண்ணெய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், கடைசியில் உதிர்த்த பனீர். இரண்டு இட்லிக்கு ஜோடி பிரமாதம். எண்ணெயில் பொரித்து கிரேவியில் போட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

கடையில் வாங்குவதானால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாலும் புளிக்கவைக்கும் அமிலமும் தவிர பாமாயிலோ ஸ்டார்ச்சோ இருந்தால் அது பனீர் இல்லை, 'அனலாக்', அதாவது பனீர் மாதிரிச் செய்த மாற்றுப் பண்டம். அந்தச் சொல் லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உதிரியாக விற்பதில் லேபிள் ஏது? ஒரு துண்டை வேகவைத்து, ஆறியபின் இரண்டு சொட்டு டிங்க்சர் அயோடின் விட்டால், ஸ்டார்ச் கலந்திருந்தால் கருநீலமாகும். பாமாயிலை மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது.

தைராய்டு மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ காலையில் எடுப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுப்பதானால் பனீரை மாலைக்குத் தள்ளுங்கள். கால்சியம் இரண்டையும் உடம்பில் சேரவிடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் 60 கிராம் என்று நான் சொன்னதும் உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் டாக்டர் சொல்லும் அளவுதான். மூன்று மாதம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு டெஸ்ட்டையும் மறுபடி எடுங்கள். அப்போதும் எல்டிஎல் 142-லேயே நின்றால் பழியைப் பனீர்மேல் போடாமல் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள்.