தேயிலைத் தொழிற்சாலையில் கம்பியில்லாச் சென்சார்கள்

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் தொட்டிகளில் வைத்துள்ள கம்பியில்லா வெப்பநிலை, ஈரப்பதச் சென்சார்களின் தகவல், மூடுபனி நாட்களிலும் பெரிய மோட்டார்கள் கிளம்பும்போதும் நின்றுவிடுகிறது. அதிக சக்தியுள்ள கருவிகளை வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: வாங்குவதற்கு முன், தகவல் நின்ற நேரங்களை ஒரு வாரம் நோட்டில் குறித்து, அப்போது தொட்டியில் இலை இருந்ததா, எந்த மோட்டார் கிளம்பியது என்பதையும் எதிரே எழுதுங்கள். மூடுபனி இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள், ஒரு கட்டடத்துக்குள் உள்ள தொலைவில், பனியால் குறிப்பிடும்படி நலிவதில்லை. ஆனால் அதே நாட்களில் நனைந்து வரும் பச்சை இலை தொட்டி நிறையக் கிடக்கும். அதிலுள்ள நீர் அலைகளை உறிஞ்சிவிடும். ஆகவே ஆண்டெனாவை இலைமட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். அதன் இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தகரக் கூரையும் இரும்புச் சட்டங்களும் திருப்பி அனுப்பும் அலைகள் சில இடங்களில் நேரலையை அழித்துவிடும். அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால், ஆண்டெனாவைச் சில சென்டிமீட்டர் நகர்த்துவதே பலன் தரக்கூடும். சக்தியைக் கூட்டினால் அந்தத் திரும்பலைகளும் சேர்ந்தே கூடும்.

மோட்டார்கள் எழுப்பும் மின்னிரைச்சல் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெகு கீழேயே அடங்கிவிடுவதால், அது காற்றுவழியே வருவதைவிட மின்கம்பி வழியே வருவதற்கே வாய்ப்பு அதிகம். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து, தகவல் திரட்டும் கேட்வே மீண்டும் தொடங்குகிறதா என்று முதலில் சோதியுங்கள். அப்படியானால் அதற்கு ஒரு யுபிஎஸ் போதும்.

அலுவலக வைஃபையும் இதே அலைவரிசையில் இயங்கக்கூடும். அப்படியானால் இரண்டுக்கும் வெவ்வேறு சேனல்களை (அலைவரிசையின் உட்பிரிவுகளை) ஒதுக்குங்கள். புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால், தொழிற்சாலைகளுக்கென்றே வகுக்கப்பட்ட வயர்லெஸ்ஹார்ட் போன்ற முறையை நாடுவதே என் பரிந்துரை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் 10 மில்லிநொடி அளவில் நேரம் ஒதுக்கப்படுகிறது. சேனல் தொடர்ந்து மாறுகிறது. ஒரு வழி அடைபட்டால் தகவல் அண்டைக் கருவி வழியாகச் செல்கிறது. இந்த மாற்றுவழி கிடைக்க, ஒவ்வொரு சென்சாருக்கும் குறைந்தது இரண்டு அண்டைக் கருவிகளாவது எட்ட வேண்டும். இணைப்பு இல்லாத நேரத்து அளவீடுகளைத் தன்னுள் சேமித்துப் பின்னர் அனுப்பும் சென்சாராகவும் பார்த்து வாங்குங்கள்.

ரோலர், டிரையர் ஆகியவற்றின் அவசர நிறுத்தப் பொத்தான்களை மட்டும் இந்தச் சென்சார் வலையமைப்பில் சேர்க்காதீர்கள். அவை கம்பியிலேயே இருக்கட்டும்.